பிரதமரின் கையெழுத்து எதுவரை செல்லும்?

பட்டா மாறுதல் ஆகவில்லை, காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட மறுக்கிறார்கள், தெருவில் குடிநீர்க் குழாய் இல்லை என்று பிரதமருக்கு மனு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். நிலம், காவல், உள்ளாட்சி மூன்றும் அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்ட மாநிலப் பட்டியலில் இருப்பவை. ஒரு தாசில்தாருக்கோ இன்ஸ்பெக்டருக்கோ உத்தரவு போட பிரதமருக்கு அதிகாரம் கிடையாது. அங்கே போகும் மனு மாநில அரசுக்கு மாற்றப்பட்டு, மாவட்டத்துக்கு இறங்கி, பல நேரங்களில் நாம் யார்மேல் புகார் சொன்னோமோ அந்த அலுவலகத்திடமே அறிக்கை கேட்டு வந்து நிற்கும்.

தமிழ்நாட்டில் பட்டா உத்தரவில் குறை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். எஃப்.ஐ.ஆர். மறுக்கப்பட்டால் புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அதற்கும் பலன் இல்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் போக வேண்டும். இந்த வழியில் போகாமல் டெல்லிக்கு எழுதுபவர்கள் மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். பாஸ்போர்ட், பி.எஃப்., ரயில்வே, வருமான வரி போன்ற மத்திய அரசு விஷயங்களுக்கு மத்தியக் குறைதீர்ப்பு இணையதளம் உண்மையிலேயே பயன்படும். 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது 2024 முதல் உள்ள வழிகாட்டுதல். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கை அதில் எடுக்க மாட்டார்கள்.

அப்படியானால் பிரதமரின் அதிகாரம் எங்கே இருக்கிறது? அரசிதழில் வரும் மத்திய அரசின் உத்தரவுகள் குடியரசுத் தலைவரின் பெயரில் வருகின்றன. கீழே ஓர் அதிகாரியின் கையெழுத்து இருக்கும். பிரதமர் தலைமையிலான அமைச்சர் குழுவின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் செயல்பட வேண்டும் என்கிறது அரசமைப்பின் 74ஆம் பிரிவு. ஆலோசனை சொல்வது குழு. ஆனால் அந்தக் குழுவில் யார் இருக்க வேண்டும், யாருக்கு எந்தத் துறை, எந்தப் பொருள் எந்த நாளில் அமைச்சரவை முன் வர வேண்டும் என்பதெல்லாம் பிரதமர் கையில். நியமனங்களுக்கான அமைச்சரவைக் குழுவில் பிரதமரும் உள்துறை அமைச்சரும்தான் இருக்கிறார்கள். மத்திய அரசின் செயலாளர்கள் அங்கேதான் தேர்வாகிறார்கள். அமைச்சர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் 2003இல் வந்த 91ஆவது திருத்தம் வரம்பு கட்டியது: மக்களவையின் மொத்த உறுப்பினர்களில் 15 சதவீதம். 543 பேர் உள்ள அவையில் பிரதமரையும் சேர்த்து 81 பேர்.

அரசின் முடிவுகளுக்கு அமைச்சர்கள் எல்லோரும் சேர்ந்து பொறுப்பேற்பதே கூட்டுப் பொறுப்பு. அது உடையும் இடத்தைப் பொதுமக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1961ஆம் ஆண்டின் இந்திய அரசு அலுவல் நடத்தை விதிகளில், எந்தெந்த விஷயம் அமைச்சரவைக்குப் போக வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. அதே விதிகளின் 12ஆவது விதி, தேவை என்று பிரதமர் கருதினால் இந்த நடைமுறையிலிருந்து விலக அனுமதி தரலாம், நடந்துவிட்ட விலகலைப் பொறுத்தருளலாம் என்கிறது. கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை ஒரே ஆளிடம் கொடுத்த மாதிரி.

1975 ஜூன் 25 இரவு அந்தச் சாவி திருகப்பட்டது. அவசரநிலைப் பிரகடனம் கோரி குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமதுக்கு இந்திரா காந்தி கடிதம் எழுதினார். அன்றிரவு அமைச்சரவையைக் கூட்ட முடியவில்லை, எனவே 12ஆவது விதிப்படி விலகலை அனுமதிக்கிறேன், காலையில் அமைச்சரவை முன் வைக்கிறேன் என்பது அதன் சாரம். நள்ளிரவுக்கு முன்பே பிரகடனத்தில் கையெழுத்தாகிவிட்டது. ஜூன் 26 காலை 6 மணிக்குக் கூடிய அமைச்சரவைக்கு, நடந்து முடிந்ததற்கு ஒப்புதல் தருவது மட்டுமே மிச்சமிருந்தது. நாட்டையே மாற்றிய முடிவு, அதற்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டியவர்களுக்கு மறுநாள்தான் சொல்லப்பட்டது.

1978இன் 44ஆவது திருத்தம் இதற்குச் சரியான மருந்து கொடுத்தது. இனி அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் அவசரநிலையைப் பிரகடனம் செய்யலாம். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு ஏற்க வேண்டும். 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணமும் நீக்கப்பட்டு, 'ஆயுதக் கிளர்ச்சி' என்று மாற்றப்பட்டது. ஆனால் 12ஆவது விதி அப்படியே இருக்கிறது. 2019 நவம்பர் 23 விடியற்காலையில் மகாராஷ்டிரத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி விலக்கப்பட்டு, சில மணி நேரத்தில் புதிய முதல்வர் பதவியேற்றாரே, அதுவும் இந்த விதியின்படிதான். அமைச்சரவை ஒப்புதல் பிறகு பெறப்பட்டது. அந்த ஆட்சி நான்கு நாள்கூட நிற்கவில்லை. அவசரநிலைக்குக் கொண்டுவந்த எழுத்து நிபந்தனை, குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழி செய்யும் 356ஆம் பிரிவுக்கும் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அந்த 356ஐத் தமிழ்நாடு நன்றாகவே அறியும். 1991 ஜனவரி 30 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டபோது, கலைக்கச் சொல்லி ஆளுநர் பர்னாலா அறிக்கை தரவில்லை. ஆளுநரின் அறிக்கையின் பேரிலோ 'வேறு வகையிலோ' என்று அந்தப் பிரிவில் இருக்கும் சொற்களை வைத்தே காரியம் முடிந்தது. அன்றைய பிரதமர் சந்திரசேகர் காங்கிரஸின் வெளி ஆதரவில் ஆட்சி நடத்தியவர். சொந்த பலம் இல்லாத பிரதமரும் ஒரு மாநில அரசை வீட்டுக்கு அனுப்ப முடிந்த காலம் அது.

1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு நிலைமையை மாற்றியது. பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும். நாடாளுமன்றம் ஏற்கும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது. காரணம் செல்லாது என்றால் பழைய அரசை நீதிமன்றம் திரும்பக் கொண்டுவரலாம். அதற்குப் பிறகு ஒரு பிரதமரின் கை எங்கெங்கே தடுக்கப்படும் என்பதற்கு பிகார் நல்ல பாடம். 1998இல் ராப்ரி தேவி அரசை நீக்க வாஜ்பாய் அமைச்சரவை பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். 1999 பிப்ரவரியில் மறுபடி பரிந்துரை போனது. இரண்டாவது முறை வந்தால் கையெழுத்திட்டே ஆக வேண்டும், இட்டார். மக்களவை ஏற்றது. மாநிலங்களவையில் எண்ணிக்கை இல்லை. மார்ச்சில் அரசே அதைத் திரும்பப் பெற, ராப்ரி தேவி மீண்டும் முதல்வரானார்.

பிரதமரைப் பதவியிலிருந்து இறக்கும் வேலை மக்களவையுடையது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கான அறிவிப்பைக் காலை 10 மணிக்குள் கொடுக்க வேண்டும். அவையில் 50 பேர் எழுந்து நின்று ஆதரித்தால் சபாநாயகர் 10 நாளுக்குள் விவாதத்துக்கு நாள் குறிக்க வேண்டும். வந்திருந்து வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் போதும். 272 வேண்டும் என்று தொலைக்காட்சியில் சொல்வது அவை முழுவதும் வந்து வாக்களித்தால்தான் பொருந்தும். 1999 ஏப்ரல் 17இல், அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்ட பின் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 269க்கு 270 என்று ஒரே வாக்கில் வாஜ்பாய் அரசு விழுந்தது. 2008இல் மன்மோகன் சிங் நம்பிக்கைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். மாநிலங்களவை உறுப்பினர் என்பதால் அதில் வாக்களிக்க அவருக்கே உரிமை இல்லை. பேசலாம், அவ்வளவுதான்.

1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் இந்தக் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் எம்.பி. பதவி போகலாம், கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால்தான் தப்பலாம். தனிப் பெரும்பான்மையுள்ள பிரதமரை அவருடைய கட்சி எம்.பி.க்களே அவையில் எதிர்ப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். விலைக்கு வாங்கும் அரசியலைத் தடுக்க வந்த சட்டம், மனசாட்சிப்படி வாக்களிப்பவரையும் சேர்த்தே கட்டிப்போடுகிறது. நம்பிக்கை வாக்கெடுப்பு, நிதி மசோதா இரண்டுக்கு மட்டும் கொறடா உத்தரவு என்று சுருக்குவதே நியாயம்.

மக்களவையில் எவ்வளவு பலம் இருந்தாலும் அரசமைப்பைத் திருத்த இரண்டு அவையும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு தர வேண்டும். கூட்டுக் கூட்டம் கூட்டிச் சமாளிக்க முடியாது. 1970இல், முன்னாள் மன்னர்களுக்கு அரசு தந்துவந்த தொகையை நிறுத்தும் மன்னர் மானிய ஒழிப்பு மசோதாவுக்கு மாநிலங்களவையில் ஆதரவாக 149, எதிராக 75 வாக்கு விழுந்து, மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கு குறைந்து தோற்றது. உடனே குடியரசுத் தலைவர் உத்தரவின் மூலம் மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. தேர்தலைச் சந்தித்துப் பெரும்பான்மையோடு வந்த பிறகு 1971இல் 26ஆவது திருத்தத்தால்தான் அது நிறைவேறியது.

கடைசியாக, சட்டத்தில் உண்மையிலேயே ஓட்டையாக இருக்கும் இடம், புதிய அரசு வரும்வரை தற்காலிகமாக நீடிக்கும் காபந்து அரசு. அவை கலைந்த பிறகும் அமைச்சர் குழு நீடிக்கும் என்று 1971இல் யு.என்.ஆர். ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது. ஆலோசனை இல்லாமல் குடியரசுத் தலைவர் இயங்க முடியாது என்பது காரணம். 1979இல் சரண் சிங் ஒரு நாள்கூட மக்களவையைச் சந்திக்காமல் பதவி விலகி, அவையைக் கலைக்கவும் பரிந்துரைத்து, 1980 ஜனவரி வரை பிரதமராக இருந்தார். கார்கில் போரை நடத்தியதும் வாக்கெடுப்பில் தோற்ற அரசுதான். மாநிலங்களவையைக் கூட்டச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டும் கூட்டவில்லை. காபந்து அரசு எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அரசமைப்பில் ஒரு வரிகூட இல்லை. சட்டமன்றம் முன்கூட்டியே கலைந்தால் அன்று முதலே காபந்து அரசுக்குத் தேர்தல் நடத்தை விதிகள் பொருந்தும் என்று 2018இல் தேர்தல் ஆணையம் சொன்னது. ஆனால் அந்த விதிகள் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. பெரிய ஒப்பந்தம், உயர் பதவி நியமனம், புதிய திட்டம் இவற்றில் காபந்துப் பிரதமர் கையெழுத்திடக் கூடாது என்று ஒரு பட்டியலைச் சட்டமாகவே எழுதியாக வேண்டும்.