மூன்றாவது சிலிண்டரின் அடிப்பகுதி

பழைய அம்பாசிடரின் என்ஜினைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிடும். எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். வார்ப்பிரும்பு பிளாக், நான்கு சிலிண்டர், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கி மூன்றே மெயின் பேரிங்கில் சுழலும் கிராங்க், பக்கத்தில் வால்வுகளை இயக்கும் ஒரு கேம் ஷாஃப்ட். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழியில் வந்த இந்தக் கார் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. அதன் பெட்ரோல் மாடல்களில் பல ஆண்டுகள் ஓடியது, பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் ‘பி சீரிஸ்’ என்று அழைத்த குடும்பத்தைச் சேர்ந்த 1489 சிசி என்ஜின்.

என்னுடையது அந்த ரகம்தான். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. மேடு ஏற மூச்சு வாங்கும். பிரித்துப் பார்த்ததில் சிலிண்டர்களின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் தட்டும் அளவுக்கு ஒரு படி விழுந்திருந்தது. சிலிண்டர் எப்போதும் அங்கேதான் அதிகம் தேயும். பிஸ்டன் ஓடும்போது அதைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நிற்கும். ஆனால் உச்சியில் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புகிறது. ஓட்டம் நின்றால் படலமும் மெலிந்துவிடும். எரியும் வாயு ரிங்கைச் சுவரோடு வைத்து அழுத்துவதும் அதே கணத்தில்தான்.

இதற்கு வைத்தியம் ரீபோர். சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். கணக்கெல்லாம் ‘தௌ’வில் நடக்கும். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மில்லிமீட்டர். நம் தலைமுடி ஏறக்குறைய மூன்று தௌ பருமன். இந்த என்ஜினின் புது சிலிண்டர் 2.875 அங்குலம், அதாவது 73.025 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. என் பிளாக் ஏற்கெனவே 20 தௌ கடையப்பட்டிருந்ததால் இம்முறை 40. அப்படிக் கடைந்தால் என்ஜினின் கொள்ளளவே 1531 சிசி ஆகிவிடும்.

பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டுதான் சிலிண்டரைக் கடைய வேண்டும். பெட்டியில் 40 என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. உண்மையில் கடைவது ஓர் இடைவெளியை. பிஸ்டன் அலுமினியக் கலவை, சுவர் வார்ப்பிரும்பு. இரண்டும் நூறு டிகிரி சூடேறினால் 73 மில்லிமீட்டர் அலுமினியம் சுமார் 0.16 மில்லிமீட்டர் விரியும். இரும்பு அதில் பாதிதான். குளிர்ந்த நிலையில் இரண்டு மூன்று தௌ இடைவெளி விடுவது அதற்காகத்தான். குறைந்தால் பிஸ்டன் சுவரில் பிடித்துக்கொள்ளும். கூடினால் தட்டும், எண்ணெய் குடிக்கும். இன்னொன்று: வெயிலில் கிடந்த பிஸ்டனை அளக்கக் கூடாது. 15 டிகிரி வித்தியாசமே அதை ஒரு தௌ பெரிதாக்கிவிடும். மே மாத நண்பகலில் பட்டறை வாசலில் இறக்கிவைத்த பெட்டிக்கும் உள்ளே நிழலில் கிடக்கும் பிளாக்குக்கும் 15 டிகிரி சர்வசாதாரணம்.

லேத் பட்டறையிலிருந்து பிளாக் திரும்பி வந்த அன்று மாலையே, சிலிண்டரின் உள் குறுக்களவை அளக்கும் போர் கேஜை எடுத்தேன். ஒரு சிலிண்டருக்கு மேல், நடு, கீழ் என மூன்று உயரம். ஒவ்வோர் உயரத்திலும் நீளவாக்கு, குறுக்குவாக்கு என இரண்டு திசை. ஆக 24 எண்கள். ஒன்று, இரண்டு, நான்கு சரியாக இருந்தன. மூன்றாவதில் மேலே இரண்டு தௌ இடைவெளி, அடியில் அரை தௌ. கண்ணால் பார்த்தால் நான்கும் ஒன்றுபோலவே மின்னின. அளக்காமல் பூட்டியிருந்தால் முதல் நாளே, என்ஜின் சூடேறியதும், மூன்றாவது பிஸ்டன் அடியில் போய் நெரிந்திருக்கும்.

பிளாக்கை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பட்டறைப் பெரியவர் வாதாடவில்லை. தன் கேஜை விட்டுப் பார்த்தார். “டூல் முனை பாதியில மழுங்கியிருக்கு தம்பி. நாலாவதுக்கு முன்னாடி தீட்டியிருக்கான், மூணாவதை மறுபடி பார்க்கலை” என்றார். வெட்டும் முனை தேயத் தேய அது கடையும் வட்டமும் சிறுத்துக்கொண்டே போகும். நல்லவேளையாக இது உலோகம் மிச்சமிருக்கும் தவறு. அடிப்பகுதியை மட்டும் ஹோனிங் கல்லால் கூடுதலாகத் தேய்த்து நேராக்கினார். ஹோனிங் என்பது பளபளப்புக்காகச் செய்வதில்லை. சுவரில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய கீறல்களை அது விட்டுவைக்க வேண்டும். எண்ணெய் தங்குவது அந்தக் கீறல்களில்தான். புது ரிங் சுவரோடு பழகுவதும் அவற்றில் உரசித்தான். கண்ணாடிபோல் வழவழத்தால் ரிங் படியவே படியாது.

இரண்டாவது தவறு, அதே பட்டறையில் அரைத்து வந்த கிராங்கில். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு.

கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் உருளைப் பகுதிக்கு ஜர்னல் என்று பெயர். அது பக்கச் சுவரோடு சேரும் மூலை செங்குத்தாக இருக்காது. அங்கே ஒரு சிறிய வளைவு இருக்கும். ஒவ்வொரு வெடிப்பிலும் பிஸ்டன் ஒரு டன்னுக்கு மேல் அழுத்துகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஒரு சிலிண்டருக்கு மட்டும் நொடிக்கு 25 அடி. அந்த விசை வளைவில் பரவி ஓடும். மூலை கூர்மையாக இருந்தால் ஒரே கோட்டில் குவிந்துவிடும். குவியும் இடத்தில் நுண்ணிய விரிசல் பிறந்து ஒவ்வோர் அடிக்கும் ஒரு துளி வளர்ந்துகொண்டே போகும். 1842-இல் பிரான்சின் வெர்சாய் அருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து பலர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின், அச்சுகள் முறிவது இப்படிப்பட்ட மூலைகளில்தான் தொடங்குகிறது, அங்கே வளைவு வேண்டும் என்று எழுதினார்.

என் கிராங்கில் மூன்று ஜர்னல்களில் அந்த வளைவு இல்லை. நகத்தை ஓட்டினால் மூலையில் போய் டக்கென்று நின்றது. கிரைண்டிங் வீலின் விளிம்பை வைர முனையால் வட்டமாகத் தீட்டாமல், சதுரமாகவே விட்டு அரைத்திருந்தார்கள். இன்னும் 10 தௌ குறைத்தாலும் ஆரத்தில் போவது ஐந்து தௌதான். இழந்த வளைவு அதில் திரும்பாது. அந்தக் கிராங்கை ஒதுக்கிவிட்டு இன்னொரு பழைய கிராங்க் தேடினேன். அதைப் பெரியவரே பக்கத்தில் நின்று அரைத்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை.

அப்புறம் பேரிங் இடைவெளி. ஜர்னலின் குறுக்களவில் அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது பழைய வாய்ப்பாடு. இங்கே மெயின் ஜர்னல் சுமார் இரண்டு அங்குலம், எனவே இரண்டு தௌ. ஓடும் என்ஜினில் கிராங்க் பேரிங்கைத் தொடுவதே இல்லை. 1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பவர் ரயில் அச்சுப் பேரிங்குகளைச் சோதித்தபோது, எண்ணெய் விட மேலே போட்ட துளை வழியாக எண்ணெய் வெளியே பொங்கியது. அடைப்பு வைத்தார், அதையும் தள்ளிக்கொண்டு வந்தது. அழுத்தமானியை மாட்டினால் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் காட்டியது. சுமை தந்த சராசரி அழுத்தமோ 100 பவுண்டு. சுழலும் அச்சு எண்ணெயை ஆப்புப்போல் இடுக்குக்குள் இழுத்துத் தன்னைத்தானே மிதக்க வைத்துக்கொள்கிறது. அதன் கணிதத்தை 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். அந்தக் கணிதப்படி இடைவெளி இருமடங்கானால் ஓரங்களில் கசியும் எண்ணெய் எட்டு மடங்காகும். சூடானதும் ஆயில் பிரஷர் முள் ஏன் படுத்துவிடுகிறது என்று கேட்பவர்கள் பம்பை மாற்றுவதற்கு முன் இந்த இடைவெளியை அளந்து பார்க்கலாம். பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு நூலை ஜர்னல்மேல் வைத்து, பேரிங்கை மூடிப் பிடிக்கும் கேப்பை முறுக்கிக் கழற்றினால், அது நசுங்கிய அகலமே அளவைச் சொல்லிவிடும்.

கேப்களை இடம் மாற்றிப் போடுவதும் நடக்கும். பிளாக்கில் பூட்டிய நிலையிலேயே கடைந்தவை அவை. ஒன்றுக்கு ஒன்று மாறினால் துளை வட்டமாக இருக்காது. கழற்றும் முன்பே எண் குத்திவிடுங்கள்.

எண்ணெய் வழிகளில் அடைத்துக் கிடக்கும் இரும்புத் தூளை அடைப்பான்களைக் கழற்றி, நீளத் தூரிகையால் கழுவினேன். சிலிண்டருக்குச் சூடான சோப்புத் தண்ணீர்தான்; ஹோனிங் கல்லின் துகளை மண்ணெண்ணெய் முழுதாக எடுக்காது. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். எனக்கு ஐந்தாவது கழுவலில் வந்தது. உடனே எண்ணெய் பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலையில் துரு நிற்கும்.

இப்போது புகை இல்லை. சூடான பிறகும் பிரஷர் முள் நிமிர்ந்தே நிற்கிறது. பின்பக்கத்தில் மட்டும் எண்ணெய் சொட்டுகிறது. மூன்று பேரிங் கொண்ட இந்த என்ஜினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. திருகு மரைபோல் வெட்டிய ஒரு காடிதான், கசியும் எண்ணெயைச் சுழன்று சுழன்று உள்ளே தள்ளுகிறது. சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருந்தால்தான் அது வேலை செய்யும். பட்டறையில் நான் அளக்காமல் விட்ட ஒரே இடம் அது. அடுத்த முறை கியர்பாக்ஸ் இறங்கும்போது இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை அங்கே விட்டுப் பார்க்க வேண்டும்.