கூரையில் பெய்த மழை தொட்டிக்கு வரவில்லையே, ஏன்?

இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது வீடு. புது வீடு, குடிவந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது, பின்பக்கம் பத்தாயிரம் லிட்டர் மழைநீர்த் தொட்டி நிற்கிறது, உள்ளே எட்டிப் பார்த்தால் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. "தொட்டியில எங்கேயோ ஓட்டை இருக்கு சார், வந்து பாருங்க" என்று கூப்பிட்டிருந்தார் வீட்டுக்காரர். போய்ப் பார்த்தேன். தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது. கூரையிலிருந்து இறங்கும் ஆறு குழாய்களில் ஒன்றே ஒன்றுதான் அதற்கு வருகிறது. மற்ற ஐந்தும் நேராக வடிகாலுக்குப் போகின்றன. குழாய்களைச் சுவருக்குள் புதைத்து, தரைக்கு அடியில் வடிகாலோடு சேர்த்து, மேலே டைல்ஸும் ஒட்டி முடித்த பிறகுதான் தொட்டி நினைவுக்கு வந்திருக்கிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டிய குழாய் அது ஒன்றுதான்.

வீடுகளுக்குக் குழாய், வடிகால் வரைபடம் போடுவதுதான் என் வேலை. என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் முதலில் கேட்பது, "எத்தனை லிட்டர் தொட்டி வாங்கலாம்?" கூரை எவ்வளவு பெரியது, தண்ணீர் எந்தப் பக்கம் வாட்டம் வாங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரிய தொட்டி வாங்கினால் நிறையத் தண்ணீர் கிடைக்கும் என்கிற நினைப்பை எத்தனை தடவை மாற்றப் பார்த்தாலும் அது திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு இவ்வளவுதான். கூரை நனைவது, தெறிப்பது, ஆவியாவது என்று கொஞ்சம் வீணாகும். நான் 100-க்கு 85 என்று எடுத்துக்கொள்வேன். மேலே சொன்ன வீட்டின் கூரை 120 சதுர மீட்டர். ஆறு குழாயும் தொட்டிக்கு வந்திருந்தால் 98 மில்லிமீட்டர் மழையிலேயே பத்தாயிரம் லிட்டர் நிரம்பியிருக்கும், அதாவது இரண்டு மூன்று நல்ல மழை போதும். இணைத்திருக்கிற ஒரு குழாய்க்கு வருவதோ சுமார் 20 சதுர மீட்டர் கூரையின் தண்ணீர் மட்டும். அதே தொட்டியை அது நிரப்ப 588 மில்லிமீட்டர் மழை வேண்டும், அதுவும் நடுவில் ஒரு வாளிகூட எடுக்காமல் இருந்தால். இவர் இருபதாயிரம் லிட்டர் தொட்டி வாங்கியிருந்தாலும் வந்து விழுகிற தண்ணீர் இதேதான்.

இன்னொன்று, சாய்வான கூரை என்றால் ஓட்டின் மேல் டேப் பிடித்து அளக்காதீர்கள். மேலிருந்து பார்த்தால் தரையில் எவ்வளவு இடத்தை மூடுகிறதோ அதுதான் கணக்கு.

கொள்ளளவு அதற்குப் பிறகு. ஒரு நாளைக்கு எவ்வளவு எடுப்பீர்கள், மழைக்கும் மழைக்கும் நடுவே எத்தனை நாள் காய்ந்து கிடக்கும், இந்த இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். கழிவறைக்கும் தோட்டத்துக்கும் நாளுக்கு 200 லிட்டர், இடைவெளி 30 நாள் என்றால் 6,000 லிட்டர். அவ்வளவு தண்ணீர் உங்கள் கூரையிலிருந்து வருமா என்று பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

புது வீட்டு அனுமதிக்கு மழைநீர் ஏற்பாடு கட்டாயம் என்கிற ஊர்கள் நிறைய. ஆனால் விதி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. ஓரிடத்தில் கொள்ளளவு மட்டும் கேட்பார்கள், இன்னோரிடத்தில் கூரையில் இத்தனை சதுர மீட்டர் இணைத்திருக்க வேண்டும் என்பார்கள், வேறோரிடத்தில் தொட்டித் தண்ணீர் கழிவறைக்குப் போகிறதா என்றும் பார்ப்பார்கள். விதியில் முதல் வரியில் இருக்கிற லிட்டர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தொட்டியை வாங்கி, கடைசிப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டு தரையை உடைத்தவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து முழுவதையும் படியுங்கள், பிளான் போடும்போதே படியுங்கள்.

தொட்டி நிற்கப்போகிற இடத்தையும் அப்போதே முடிவு செய்ய வேண்டும். பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் பத்து டன் எடை. அதைப் புதிதாகக் கொட்டிய நிரவல் மண்மேல் வைத்தால் ஒரு பக்கம் இறங்கும், இறங்கினால் குழாய் இணைப்பு பிய்ந்துகொண்டு வரும். தரைக்கு அடியில் என்றால் வேறொரு தொல்லை: நிலத்தடி நீர் மேலேறுகிற இடத்தில் காலியான தொட்டியை, அதிலும் பிளாஸ்டிக் தொட்டியை, அந்த நீரே மேலே தூக்கிவிடும். பாரம் போதுமா, கீழே கான்கிரீட்டோடு பிணைத்திருக்கிறார்களா என்று பொறியாளரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். செப்டிக் டேங்குக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

இனி ஓவர்ஃப்ளோ, அதாவது தொட்டி நிரம்பியபின் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற குழாய். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம் வருகிறது. உள்ளே வருவது நான்கு அங்குலக் குழாய், வெளியே போவது ஒரு அங்குலக் குழாய். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு மழை அடித்தால் 120 சதுர மீட்டர் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 200 லிட்டர் இறங்கும். அது எங்கே போகும்? மூடி வழியாகப் பொங்கி, அஸ்திவாரத்தின் ஓரத்தில்தான் இறங்கும். வெளியேறும் குழாய் உள்ளே வரும் குழாயைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது. அந்தத் தண்ணீரைச் சுவரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் வடிகாலிலோ உறிஞ்சுகுழியிலோ விடுங்கள்.

முதல் மழை கூரையைக் கழுவுகிற மழை. பறவை எச்சம், தூசி, சருகு எல்லாம் அதோடுதான் வரும். முதல் 1 மில்லிமீட்டரையாவது, அதாவது 100 சதுர மீட்டருக்கு 100 லிட்டரை, தனிக் குழாயில் ஒதுக்கிவிட வேண்டும். இதற்கு வால்வு போட்டுக் கையால் திருப்பிக்கொள்ளலாம் என்பார்கள்; நடுராத்திரி மழையில் எழுந்துபோய் யாரும் திருப்புவதில்லை. ஒதுக்குக் குழாயின் அடியில் சிறு துளை விட்டால் தானாகவே வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். அதன்பிறகு வருகிற தண்ணீரையும் வடிகட்டாமல், கிருமி நீக்காமல் குடிக்காதீர்கள்.

தொட்டித் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று அதைப் பொதுக் குழாய்த் தண்ணீரோடு ஒரு வால்வு மட்டும் வைத்து இணைக்கிற பிளம்பர்களை இன்னும் பார்க்கிறேன். வேண்டாம். வால்வு ஒருநாள் கசியும், அல்லது யாராவது திறந்து வைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் பொதுக் குழாயில் அழுத்தம் குறைந்தால் தொட்டித் தண்ணீர் அதற்குள் போய்விடும், அது உங்கள் வீட்டோடு நிற்காது. தொட்டி வற்றும்போது பொதுத் தண்ணீர் வேண்டுமென்றால், அது மேலிருந்து இடைவெளி விட்டு விழுகிற மாதிரி அமையுங்கள்.

கொசுவலை எல்லா வாய்க்கும் வேண்டும். உள்ளே வருகிற இடத்துக்கு மட்டும் கட்டிவிட்டு, ஓவர்ஃப்ளோவையும் காற்றுக் குழாயையும் திறந்து விட்டுவிடுகிறார்கள். கண்ணி 1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வெளிச்சம் புகாத தொட்டியாக வாங்கினால் பாசித் தொல்லை இருக்காது.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். மூடிய தொட்டிக்குள் சுத்தம் செய்ய யாரையும் சும்மா இறக்காதீர்கள். உள்ளே காற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இன்னொருவர் இறங்க, இரண்டு பேருமே போய்விடுகிறார்கள். பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கி ஓட்டுவது இன்னும் மோசம். வெளியில் நின்றபடியே வண்டலைக் கழுவி வெளியேற்ற அடிமட்டத்தில் ஒரு வடிகால் குழாயைக் கட்டும்போதே வைக்கச் சொல்லுங்கள். மூடிக்குப் பூட்டும் போடுங்கள், வீட்டில் குழந்தைகள் இல்லாவிட்டாலும். விளையாட வருகிற குழந்தைகள் இருப்பார்கள்.