சப்ளையருக்கே சரக்கு எங்கிருந்து வருகிறது?

சரக்கு வராமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "ரெண்டு சப்ளையர் இருக்காங்க சார், ஒண்ணும் ஆகாது" என்பார்கள் திருவொற்றியூர் பக்கம் பட்டறை வைத்திருக்கும் என் வாடிக்கையாளர்கள். இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் கஸ்டம்ஸ் புரோக்கரான நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான், அந்த ரெண்டு பேரும் யாரிடம் வாங்குகிறார்கள்?

2020 ஜனவரி 23-ல் வூஹான் மூடப்பட்டபோது இங்கே பெரிதாக யாரும் பதறவில்லை, சீனப் புத்தாண்டு விடுமுறைக்காக எப்படியும் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்திருந்தார்கள். அது தீர்ந்த பிறகுதான், பாரிமுனையில் கடை மாற்றிக் கடை வாங்கிய பேரிங்கும், கசிவைத் தடுக்கும் சீலும் ஒரே இறக்குமதியாளர் கொண்டுவந்தவை என்று பலருக்குத் தெரிந்தது.

மார்ச் 25-ல் ஊரடங்கு. துறைமுகம் அத்தியாவசியப் பணி, அதனால் கப்பல்கள் இறக்கிக்கொண்டே இருந்தன. எடுக்கத்தான் ஆள் இல்லை. டிரெய்லர் டிரைவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், பட்டறையும் பூட்டு, மணலி, மாதவரம் யார்டுகளில் கன்டெய்னர் மேல் கன்டெய்னர். யார்டுக்குத் தரை வாடகை தனி, கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கப்பல் கம்பெனிக்குக் கட்டும் டிடென்ஷன் தனி. டிடென்ஷன் வாங்காதீர்கள் என்று கப்பல்துறை சொல்லியும், அந்தத் தள்ளுபடியை வாங்கித் தருவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆகவே கப்பல் கம்பெனியிடம் கட்டணம் பேசும்போதே டிடென்ஷன் இல்லாத இலவச நாட்களைக் கூட்டிக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உடனே எடுக்க முடியாத சரக்கை, சுங்கச் சட்டம் 49-வது பிரிவில் அனுமதி வாங்கி, வரி கட்டாமலேயே 30 நாள் வரை கிடங்கில் வைக்கலாம். கன்டெய்னரைக் காலி செய்து திருப்பிக் கொடுத்துவிட்டால் டிடென்ஷன் ஓடாது. இப்படி ஒரு வழி இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது.

ஆனால் இறக்குமதி மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்தவர்களை 2021 ஏப்ரல் உலுக்கியது. மருத்துவமனைகளுக்கு ஆக்சிஜன் போதாமல், ஏப்ரல் 22 முதல் பெரும்பாலான தொழில்களுக்கு அதன் விநியோகம் நிறுத்தப்பட்டது. அதில் தப்பே சொல்ல முடியாது, உயிர்தான் முக்கியம். ஆக்சிஜனை வைத்து இரும்பை வெட்டும் கேஸ் கட்டிங்கை நம்பியிருந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் அப்படியே நின்றன, கம்ப்ரசர் காற்றிலேயே ஓடும் பிளாஸ்மா கட்டர் வைத்திருந்தவர்கள் ஆர்டரை முடித்துக் கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்கு வாங்கி அடுக்கச் சொல்லும் ஆலோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை, சின்னப் பட்டறைக்குப் பணம் முடங்கினாலே பாதி உயிர் போய்விடும். விலையைப் பார்க்காதீர்கள், எது இல்லாவிட்டால் வேலை நிற்கும் என்று பாருங்கள். லட்ச ரூபாய் பம்பை நிறுத்துவது பெரும்பாலும் ஐம்பது ரூபாய் சீல்தான், அதை வேண்டுமானால் அட்டைப்பெட்டி நிறைய வாங்கிப் போடுங்கள். அப்புறம், மாற்றுப் பொருள் போட உங்கள் வாடிக்கையாளரின் ஒப்புதலை இப்போதே வாங்கி வையுங்கள். நெருக்கடி வந்தபின் கேட்டால் அவர் ஆபீஸிலும் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.