மேலே ஏறிய பனி

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருப் பையன்கள் போன கிறிஸ்துமஸுக்குச் சீரியல் செட்டை ஓரங்கட்டிவிட்டுப் பிக்சல் விளக்கு மாட்டினார்கள். ஒரு தட்டியில் மேலிருந்து கீழாகத் தொங்கும் 16 வரி, வரிக்கு 25 விளக்கு, மொத்தம் 400. லேப்டாப்பில் விளக்குக் காட்சி வடிவமைக்கும் எக்ஸ்லைட்ஸ் என்ற இலவச மென்பொருளில் பனி அழகாக விழுந்தது. தட்டியிலோ ஒரு வரியில் விழுந்தது, அடுத்த வரியில் மேலே ஏறியது!

"அண்ணா, பல்பு போயிடுச்சு போல" என்றார்கள். பல்பு போனால் அணையும், பின்னோக்கி ஓடாது.

சித்ரா பௌர்ணமியன்று புஷ்பப் பல்லக்கு வரும் வீதிகளில் தொங்கும் சாதாரணச் சீரியல் செட்டில் விளக்குகள் கூட்டம் கூட்டமாகத்தான் எரியும், அணையும். பிக்சலில் விளக்குக்கு விளக்கு ஒரு சில்லு (சிப்) உண்டு. டபிள்யூஎஸ்2811 அதில் பரவலான வகை. பந்தியில் இலைக்கட்டைக் கைமாற்றுவது போலத்தான் அது வேலை செய்கிறது. முதல் விளக்கு தனக்கான 24 பிட் நிறத் தகவலை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளும். ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ விநாடி. 400 விளக்குக்கு 12 மில்லி விநாடி. காட்சி 25 மில்லி விநாடிக்கு ஒருமுறை மாறுவதால் நேரம் தாராளம். ஒரே ஒயரில் 830-ஐத் தாண்டினால்தான் இடிக்கும்.

ஆனால் எந்த விளக்குக்கும் தான் எங்கே தொங்குகிறோம் என்று தெரியாது. வரிசையில் எத்தனையாவது என்பது மட்டுமே கணக்கு. மேல், கீழ் எல்லாம் மென்பொருளில் நாம் வரைந்து கொடுக்கும் வரைபடத்தில்தான் இருக்கிறது. அந்தப் படமும் ஒயர் போன வழியும் ஒத்துப்போகாவிட்டால் எந்த எஃபெக்ட்டும் கோணலாகும்.

ஆகவே எஃபெக்ட்டை நோண்டாமல், ஒற்றை விளக்கை முதலிலிருந்து கடைசி வரை நடக்கவிட்டுப் பார்த்தோம். முதல் வரியில் இறங்கியது, இரண்டாவதில் ஏறியது. ஒயரை மிச்சம் பிடிக்கப் பையன்கள் பாம்பு போல வளைத்து மாட்டியிருந்தார்கள். மென்பொருளுக்கோ ஒவ்வொரு வரியும் மேலிருந்து தொடங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மென்பொருளில் அதற்கான ஒரு டிக்கை மாற்றியதும் பனி ஒழுங்காக விழுந்தது.

அப்புறம் இன்னொன்று: 171-வது விளக்கிலிருந்து நிறம் மாறியது. நெட்வொர்க்கில் தரவு 512 சேனல் கொண்ட மூட்டைகளாகப் போகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என விளக்குக்கு மூன்று சேனல் என்றால் 170 விளக்குக்கு 510, இரண்டு மிச்சம். அந்த இரண்டையும் மென்பொருள் பயன்படுத்தி, தரவை வாங்கி விளக்குகளுக்கு அனுப்பும் கன்ட்ரோலர் ஒதுக்கிவிட்டால், அதற்குப் பிந்தைய நிறமெல்லாம் இரண்டு இடம் நகர்ந்துவிடும். இரு பக்கமும் 510 என்று வைத்தோம், சரியானது. முதல் விளக்கிலிருந்தே சிவப்பும் பச்சையும் இடம் மாறினால் அது வேறு கதை. நிற வரிசை அமைப்பை மட்டும் பாருங்கள்.

கடைசி வரிகளில் வெள்ளை மஞ்சளடித்ததை மட்டும் லேப்டாப்பில் தேடிப் பயனில்லை. நீலம், பச்சை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். சிவப்புக்கு 2 போதும். நீண்ட ஒயரில் மின்னழுத்தம் குறையும்போது நீலமும் பச்சையும் முதலில் சோரும். 5 வோல்ட்டில் 400 விளக்கும் முழு வெள்ளையில் எரிந்தால் 20 ஆம்பியர் கூட இழுக்கும். மெல்லிய ஒயர் என்ன செய்யும்? பவர் சப்ளையிலிருந்து தடித்த ஒயரைக் கடைசி வரிக்குத் தனியாக இழுத்தோம். அதற்குள் சர்ச்சில் இரவு ஆராதனைக்கு மணி அடித்துவிட்டது.