ஒரு மனாதானே என்று சேர்க்கும் கார்டு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று எங்கே பார்த்தாலும் விசைப்படகுகள் சும்மா நிற்கும். பள்ளி, கல்லூரி விடுமுறையும் அதோடு சேர்ந்துகொள்ளும். இந்த மாவட்டத்தில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு அந்த இரண்டு மாதமும் போன் ஓயாது. "சார், பையன் விடிய விடிய செல்லும் கையுமாவே கெடக்கான்" என்று ஆரம்பிப்பார்கள். "ரம்மியா?" என்று கேட்பேன். "ரம்மி இல்ல சார். சீட்டு மாதிரிதான் இருக்கு. ஆனா பொம்மை பொம்மையா வருது" என்று சிலர் சொல்வார்கள்.

அந்தப் பொம்மைச் சீட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெற்றோருக்கும் பயன்படும், ஆடுகிற தம்பிகளுக்கும் பயன்படும். தம்பிகள் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்துப் படித்தால் நல்லது.

பணம் எப்படிப் போனது என்று பையன்களோடு உட்கார்ந்து பார்க்கும்போது ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. பளபளவென்று மின்னும் பெரிய கார்டுக்குச் செலவழிக்கும்போது அவர்கள் யோசிக்கிறார்கள், நண்பர்களிடம் கேட்கிறார்கள், ஒரு வாரம் தள்ளிப்போடுகிறார்கள். யோசிக்காமல் போவது சின்ன கார்டுக்குத்தான். நேற்று தன்னைத் தோற்கடித்தவனை நாளைக்கு மடக்குவதற்காக வாங்கும் மலிவான கவுன்டர் கார்டு. "ஒரு மனாதானே சார்" என்பான். அந்த "தானே"யில்தான் கணக்கு தப்புகிறது.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு ஹார்த்ஸ்டோனை எடுத்துக்கொள்வோம். பிளிசார்ட் நிறுவனம் 2014-ல் வெளியிட்டது. ஆளுக்கு 30 கார்டு கொண்ட ஒரு கட்டு, அதற்கு டெக் என்று பெயர். ஆளுக்கு 30 உயிர்ப்புள்ளி. ஒவ்வொரு கார்டையும் இறக்க மனா என்ற செலவு உண்டு. முதல் சுற்றில் 1 மனா, அடுத்ததில் 2, இப்படியே 10 வரை ஏறும். எதிராளியின் உயிர்ப்புள்ளியைப் பூஜ்யமாக்கினால் ஜெயம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

கவுன்டர் கார்டு என்றால் எதிராளியின் ஒரு குறிப்பிட்ட உத்தியை மட்டும் முறிப்பதற்கென்றே செய்த கார்டு. இதில் நம் கடற்கரைப் பையன்களுக்கு ஒரு தனிப் பாசம் உள்ள கார்டு ஹங்ரி கிராப், அதாவது பசித்த நண்டு. மர்லாக் என்று மீன்முகத்தோடு ஒரு கூட்டம் அந்த விளையாட்டில் உண்டு. வேகவேகமாகப் பெருகி, ஒன்றுக்கொன்று பலம் கொடுத்து, நாலாவது ஐந்தாவது சுற்றுக்குள் ஆளைச் சாய்த்துவிடும். நண்டை இறக்கினால் ஒரு மர்லாக்கைத் தின்றுவிட்டுத் தன் பலத்தைக் கூட்டிக்கொள்ளும். செலவு 1 மனா. சாதாரணமாக அதன் தாக்குதல் 1, உயிர் 2. ஒரு மர்லாக்கைத் தின்றுவிட்டால் 3, 4 ஆகிவிடும். ஒரே மனாவில் எதிரியின் ஆள் ஒன்று காலி, நம் பக்கம் ஒரு முரடன். பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

இந்த நண்டுக்கு இரண்டு விலை. களத்தில் 1 மனா. களத்துக்கு வெளியே அது எபிக் என்ற மிக அரிய வகைக் கார்டு. வேண்டாத கார்டுகளை உடைத்தால் கிடைக்கும் டஸ்ட் என்ற பொடியைக் கொடுத்துச் செய்ய 400 ஆகும். வேண்டாமென்று உடைத்தால் 100 டஸ்ட்தான் திரும்பும். சாதாரண வகைக் கார்டு என்றால் செய்ய 40, உடைத்தால் 5. இருப்பதிலேயே அரிய லெஜண்டரி செய்ய 1600, உடைத்தால் 400. ஆக, மனாவில் மலிவானது பையில் மலிவாக இருக்கும் என்று எந்த விதியும் இல்லை. டஸ்ட் தீர்ந்துபோனால் பாக்கெட் வாங்க வேண்டும். பாக்கெட்டுக்கு 5 கார்டு, அதில் ஒன்றாவது ரேர் அல்லது அதற்கு மேற்பட்ட வகையாக இருக்கும் என்பது மட்டும்தான் உத்தரவாதம். நண்டு வருமா என்பது பாக்கெட்டைப் பிரித்தால்தான் தெரியும்.

சரி, விலையை விடுங்கள். சும்மா கிடைத்தாலுமே டெக்கில் அதற்கு ஓர் இடம் கொடுக்கலாமா?

பையன்களிடம் நான் காகிதத்தில் போட்டுக் காட்டும் கணக்கு இது. முதலில் ஆடுபவருக்குத் தொடக்கத்தில் 3 கார்டு, பிறகு சுற்றுக்கு ஒன்று. நாலாவது சுற்றுக்குள் 7 கார்டைப் பார்த்திருப்பார். டெக்கில் ஒரே ஒரு நண்டு இருந்தால் அது அந்த ஏழுக்குள் இருக்கும் வாய்ப்பு 30-ல் 7, அதாவது சுமார் 23 சதவீதம். இரண்டு நண்டு வைத்தால் ஒன்றாவது வந்து சேரும் வாய்ப்பு சுமார் 42 சதவீதம். தொடக்கத்தில் பிடிக்காத கார்டை மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பதால் நிஜத்தில் இன்னும் சற்றுக் கூடும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிடுகிறேன்.

நீங்கள் சந்திக்கும் 100 எதிராளிகளில் 10 பேர் மர்லாக் டெக் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 ஆட்டத்தில் ஒற்றை நண்டு நேரத்துக்குக் கைக்கு வருவது இரண்டிலோ மூன்றிலோதான். வந்தவற்றில் பாதியை அது தோல்வியிலிருந்து வெற்றிக்குத் திருப்பியது என்று தாராளமாகவே கொடுத்தாலும் லாபம் ஒரு வெற்றியும் சொச்சமும்.

மீதி 90 ஆட்டம் இருக்கிறதே, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஏழாவது சுற்றுக்குள் 10 கார்டு கைக்கு வந்திருக்கும். ஆகவே அந்த 90-ல் 30 ஆட்டத்திலாவது நண்டு கையில் வந்து உட்கார்ந்திருக்கும், தின்ன ஒரு மர்லாக்கும் இல்லாமல். அந்த இடத்தில் ஒழுங்கான ஒரு கார்டு வந்திருந்தால் ஆட்டம் வேறு மாதிரி போயிருக்கும். அப்படிப்பட்ட ஆட்டங்களில் இருபதுக்கு ஒன்றைத்தான் அது கெடுக்கிறது என்றாலும் நட்டம் ஒன்றரை தோல்வி. ஒன்று சொச்சம் வரவு, ஒன்றரை செலவு. வாங்கியது வீண்.

மர்லாக் ஆடுபவர்கள் 100-க்கு 20 பேர் என்றால் கணக்கு தலைகீழாகும். வரவு 2.3, செலவு 1.3. இந்த அனுமானங்களின்படி எல்லைக்கோடு எட்டில் ஒன்று. பாதி, இருபதுக்கு ஒன்று என்றெல்லாம் நான் போட்டது உத்தேசம்தான். உங்கள் டெக்குக்கும் ஆட்டத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கூட்டலின் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள். என்னிடம் வரும் தம்பிகள் ஒரு பக்கத்தை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

நண்டு வலை எடுத்துக்கொண்டு போவதா, வேறு வலையா என்பதை நம் ஊர்க்காரர் தன் நேற்றைய மீன்பாட்டை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. கரைக்கு வந்த மற்றப் படகுகளில் என்ன கிடந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் வலையைத் தூக்குவார். அந்த வீட்டுப் பையனே செல்லில் நேர்மாறாக நடந்துகொள்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும்.

கவுன்டர் கார்டு எல்லாமே மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. அசிடிக் ஸ்வாம்ப் ஊஸ் என்று ஒரு கார்டு, எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்த அடிப்படைத் தொகுப்பில் இருந்தது. 2 மனா, தாக்குதல் 3, உயிர் 2. எதிராளி ஆயுதம் வைத்திருந்தால் உடைத்துவிடும். ஆயுதம் இல்லாவிட்டாலும் 2 மனாவுக்கு அது ஒரு சராசரி வீரன்தான், பெரிய நட்டமில்லை. போதாததற்கு, ஆடுபவர் தேர்ந்தெடுக்கும் வீரர் வகுப்புகளில் ஆயுதம் ஏந்துபவை பல. அதனால் ஊஸுக்கு வேலை கிடைத்துக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். இலக்கு கிடைத்த நாளில் எது அதிகம் கொடுக்கும் என்று கேட்டால் எல்லோரும் நண்டு என்பார்கள், அது சரிதான். இலக்கு கிடைக்காத நாளில் எது குறைவாகக் கெடுக்கும் என்பதுதான் நான் கேட்பது. ஹார்த்ஸ்டோனில் மட்டுமில்லை, எந்த கார்டு விளையாட்டிலும் மலிவான கவுன்டரை இந்தக் கேள்வியில் இருந்துதான் எடைபோட வேண்டும்.

இன்னொரு ரகம் கவுன்டர்ஸ்பெல். மேஜ் (மந்திரவாதி) வகுப்பின் ரகசியக் கார்டு, 3 மனா. எதிராளி அடுத்துப் போடும் மந்திரத்தை ரத்து செய்யும். கேட்க அபாரமாக இருக்கும். ஆனால் எந்த மந்திரத்தை அதற்குப் பலி கொடுப்பது என்று தீர்மானிப்பவர் எதிராளி. இரண்டாவதாக ஆடுபவருக்குக் கூடுதலாக ஒரு காயின் தருவார்கள், செலவே இல்லாத கார்டு, அதுவும் மந்திரக் கணக்கில்தான் வரும். விவரமான எதிராளி காயினைத் தூக்கிப் போட்டு உங்கள் 3 மனாவை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நாம் குறிபார்த்து அடிக்கும் கவுன்டரும், எதிராளி வந்து விழட்டும் என்று காத்திருக்கும் கவுன்டரும் ஒன்றல்ல.

ரொம்ப நல்ல கவுன்டராக இருந்தால்? அதற்கும் ஒரு கதை உண்டு. பிக் கேம் ஹன்டர் என்ற கார்டு 3 மனாவில் 7-க்கு மேல் தாக்குதல் உள்ள எந்த ராட்சதனையும், 7 உள்ளவனையும் சேர்த்து, ஒரே அடியில் வீழ்த்தியது. கண்ட டெக்கில் எல்லாம் அது இருந்தது. 2016-ல் நிறுவனமே அதன் செலவை 5 மனா ஆக்கியது. திரையில் இருக்கும் கார்டின் எழுத்தை மாற்றும் உரிமை நிறுவனத்திடம் இருக்கிறது, வாங்கியவரிடம் இல்லை.

இவ்வளவும் ஒரு பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குதான். பையன்களுக்குத் தெரியாத கணக்கும் அல்ல. பிறகு ஏன் செய்வதில்லை? 1973-ல் உளவியலாளர்கள் அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் விளக்கிய மனப்பழக்கம் இது: எது சட்டென்று நினைவுக்கு வருகிறதோ அதுவே அடிக்கடி நடக்கிறது என்று மனம் எடுத்துக்கொள்ளும். ராத்திரி ஒரு மணிக்கு மர்லாக்கிடம் தொடர்ந்து தோற்றவனுக்கு உலகமே மர்லாக்காகத் தெரியும். அந்த நேரத்தில் கார்டு வாங்குபவன் டெக்கைத் திருத்தவில்லை, தன் கோபத்துக்கு மருந்து வாங்குகிறான். மருந்து வேலையும் செய்யும், அதுதான் சிக்கல். வாங்கிய நிமிஷமே மனசு ஆறிவிடும். அடுத்த நாள் வேறொரு டெக்கிடம் தோற்பான், அதற்கு வேறொரு கவுன்டர். கடைசியில் டெக்கில் பாதி மற்றவர்களை முறிக்க வைத்த கார்டுகள், சொந்தமாக ஜெயிக்க வழி இருக்காது.

நான் கொடுக்கும் வேலை ஒன்றுதான். ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எதிராளி என்ன டெக், வாங்க ஆசைப்படும் கார்டு கையில் இருந்திருந்தால் உதவியிருக்குமா, உதவியிருக்கும் / சும்மா கிடந்திருக்கும், அவ்வளவுதான். ஐம்பது ஆட்டம் எழுதும் வரை வாங்கக் கூடாது. ஜெயித்த ஆட்டத்தையும் எழுத வேண்டும். இதில்தான் எல்லோரும் ஏமாற்றுவார்கள், தோற்றதை மட்டும் எழுதிக்கொண்டு வருவார்கள். ஐம்பது ஆட்டம் பெரிய ஆய்வு ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது முடிவதற்குள் கோபம் ஆறியிருக்கும்.

பாம்பன் பக்கத்துத் தம்பி ஒருவன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) நோட்டைக் கொண்டுவந்து போட்டான். அவன் ஆடிய ரேங்கில் நாலில் ஒரு ஆட்டம் மர்லாக். "சார், இப்ப வாங்கலாம்ல?" என்றான். வாங்கு என்றுதான் சொன்னேன். சேர்த்து வைத்திருந்த டஸ்டில் செய்துகொண்டான், ஒரு ரூபாய் செலவில்லை. அடுத்த மாதம் புதுக் கார்டுகள் வந்து மர்லாக் குறைந்ததும் அவனாகவே டெக்கிலிருந்து எடுத்துவிட்டான். உடைக்கவில்லை. 400-க்குச் செய்ததை 100-க்கு ஏன் உடைக்க வேண்டும் என்று அவனே கேட்டான்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். 2025-ல் வந்த மத்தியச் சட்டம் ஆன்லைன் விளையாட்டை எல்லாம் தடுத்துவிட்டதே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளைக் குறிவைத்தது. இந்தக் கார்டு விளையாட்டில் பையன் பணம் ஜெயிக்கப் போவதில்லை, கார்டு மட்டும்தான் வாங்குகிறான். ஆகவே காவல் வீட்டில்தான். கீழக்கரையில் ஓர் உம்மா சொன்னார்: "அவங்க வாப்பா அனுப்புற காசுல நூறு இருநூறா போயிருக்கு சார், மொத்தமா போயிருந்தா அன்னைக்கே கண்ணுல பட்டிருக்கும்." பிளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் அல்லது கைரேகை கேட்கும்படி வைத்துவிடுங்கள். மலிவு விலையில் கார்டு நிறைந்த அக்கவுன்ட் தருகிறேன் என்று டெலிகிராமில் வருபவர்களிடம் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதித்தால் மீட்பது கடினம்.

போனைப் பிடுங்கி உடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு மணி நேரம் ஆடுகிற பையன் எல்லாம் அடிமையும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. கட்டுப்பாடு இழந்து, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டு முக்கியமாகி, கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியாமல், பொதுவாக 12 மாதமாவது இப்படி நீடித்தால்தான் அந்தப் பெயர். அதற்கு முன்பே வந்து பேசலாம், தப்பில்லை. மனநலம் பாதித்தவர்களை அழைத்துவரும் தர்கா உள்ள ஏர்வாடி பக்கத்தில் இருப்பதால் இங்கே மனநலம் என்ற வார்த்தைக்கே ஜனங்கள் பயப்படுகிறார்கள், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்குகிறார்கள். நேரில் வரக் கூச்சமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.