புயல் எவ்ளோ வேகம்னு கேட்டா பத்தாது, நகருதா நிக்குதான்னும் கேளுங்க

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையேறிட்டு இருக்கு, திண்டிவனம் பக்கம் இருக்குற எங்க சித்தப்பா போன் பண்றாரு. "80, 90 கிலோமீட்டர் காத்துதானாம்டா, கஜாவுக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, நான் படுக்கப்போறேன்"னாரு. நானும் டூட்டி அலுப்புல சரின்னு வச்சுட்டேன், அத நெனச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்கு. மறுநாள் காலை 8.30 வரைக்குமான 24 மணி நேர மழைக் கணக்கு வந்தப்ப, திண்டிவனம் பக்கத்து மயிலத்துல 51 செமீ, புதுச்சேரில 48 செமீக்கு மேல.

எனக்கு வானிலை பலூன் விடுற வேலை. ஹைட்ரஜன் ரொப்புன பலூன், அடில தீப்பெட்டி மாதிரி ஒரு சின்ன டப்பா (சரி, தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசு), அது மேல போகப்போக வெப்பம், ஈரப்பதம், காத்து எல்லாத்தையும் அனுப்பிட்டே இருக்கும், 30 கிமீ உயரம் கிட்ட போய் வெடிச்சிடும். உலகம் முழுக்க ஒரே நேரத்துல விடுவாங்க, நம்ம கணக்குக்கு காலை 5.30, சாயங்காலம் 5.30.

இது எதுக்குன்னா, புயல் தானா எங்கயும் போறதில்லங்க. பம்பரம் எவ்ளோ வேகமா சுத்துதுங்கறது வேற, தரைல எவ்ளோ வேகமா நகருதுங்கறது வேற இல்லையா, அந்த மாதிரிதான். டிவில சொல்ற 80, 100 எல்லாம் சுத்துற வேகம். புயல நகத்துறது சுமாரா 3லேருந்து 6 கிமீ உயரத்துல அடிக்கிற மேலடுக்கு காத்து, அத அளக்கத்தான் இந்த பலூன். அந்தக் காத்து பலவீனமா இருந்தாலோ, ரெண்டு பக்கத்து காத்தும் எதிரெதிரா தள்ளுனாலோ புயல் நடுவுல மாட்டிக்கிட்டு நின்னுடும். நின்ன எடத்துல கடல்லேருந்து ஈரத்த இழுத்து இழுத்து கொட்டிட்டே இருக்கும்.

2018ல கஜா வேதாரண்யம் பக்கம் 100 கிமீக்கு மேல அடிச்சு தென்னந்தோப்ப எல்லாம் சாய்ச்சுது, ஆனா நிக்கல, ஒரே நாள்ல அரபிக்கடல் பக்கம் போயிடுச்சு. ஃபெஞ்சல் கரைய கடந்தும் டிசம்பர் 1 காலைல புதுச்சேரிகிட்டயே நின்னுச்சு, அப்புறம் வலுவிழந்து மெதுவா உள்ள போயி கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரைல 50 செமீ கொட்டுச்சு. கடலுக்கும் ஊத்தங்கரைக்கும் என்ன சம்பந்தம்!

2017ல அமெரிக்காவுல ஹார்வி புயலும் இப்படித்தான், டெக்சஸ்ல ஒரு எடத்துல மழை 150 செமீய தாண்டிடுச்சு. அடுத்த வருஷமே ஜேம்ஸ் காசின்ங்கற ஆராய்ச்சியாளர், 1949லேருந்து 2016க்குள்ள உலகத்துல புயல் நகருற வேகம் சுமார் 10 சதவீதம் கொறஞ்சிருக்குன்னு எழுதினாரு. சாட்டிலைட்டுக்கு முந்தின பதிவ நம்பலாமான்னு அதுல சண்டை இருக்கு, எனக்கும் பாதி சந்தேகம்தான். ஆனா 1 டிகிரி சூடு ஏறுனா காத்து 7 சதவீதம் கூடுதலா நீராவி தாங்கும்ங்கறதுல சண்டையே இல்ல, அதனால முன்ன மாதிரியே நின்னாலும் இப்ப கொட்டுறது ஜாஸ்தியாத்தான் இருக்கும்.

அடுத்த தடவ புயல் அறிக்கை வந்தா "கடந்த 6 மணி நேரத்தில் மணிக்கு இத்தனை கிமீ வேகத்தில் நகர்ந்து"ன்னு ஒரு வரி இருக்கும், அத தேடிப் படிங்க. அதுல 3, 4ன்னு இருந்தாலோ கிட்டத்தட்ட அதே எடத்துல நிக்குதுன்னு போட்டிருந்தாலோ காத்து கம்மிதானேன்னு படுத்துடாதீங்க, பைக்க மேட்டுல ஏத்துங்க, கீழ்வீட்டு பெரியவங்கள மாடிக்கு கூப்டுங்க. கரைய கடந்துடுச்சுன்னு நியூஸ் வந்த அப்புறமும் ஒரு நாள் முழுக்க அந்த வரிய பாத்துட்டே இருங்க.