இத்தாலியக் கடவுச்சீட்டில் வெளிநாட்டுப் பயணம்: எங்கே விசா, எங்கே முன்அனுமதி, எங்கே சிக்கல்

இத்தாலியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தூதரக வாசலில் வரிசையில் நிற்காமல் போய்வரக்கூடிய நாடுகள் ஏராளம். ஆனால் "விசா தேவையில்லை" என்று சொல்லப்படும் எல்லா நாட்டுக்கும் வெறுங்கையோடு கிளம்பிவிட முடியாது. ஜப்பான், பிரேசில், துருக்கி, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் கடவுச்சீட்டைக் காட்டி 90 நாள்வரை தங்கலாம். முன்கூட்டி எதுவும் செய்யவேண்டியதில்லை. பிரித்தானியா, அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, இஸ்ரேல், கென்யா ஆகிய நாடுகளிலும் சுற்றுலாவுக்கு விசா கேட்பதில்லை. ஆனால் புறப்படுமுன் இணையத்தில் பயண அனுமதி எடுத்தாக வேண்டும். இந்தியாவும் ரஷ்யாவும் இணையத்திலேயே விண்ணப்பிக்க விட்டாலும் தருவது விசாதான். அதற்குரிய கேள்விகளும் ஆவணங்களும் உண்டு. பெரும்பாலானோர் இடறுவது நடுவில் உள்ள வகையில்தான். அனுமதி இல்லாவிட்டால் எல்லை அதிகாரியைப் பார்க்கும் முன்பே விமான நிறுவனம் தடுத்துவிடும்.

அடையாள அட்டை எதுவரை போகும்

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும் சுவிட்சர்லாந்து, நோர்வே, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளுக்கும், பயணத்துக்குச் செல்லுபடியாகும் இத்தாலிய அடையாள அட்டை போதும். அல்பேனியா, சேர்பியா, துருக்கி, ஜோர்ஜியா போன்ற சில வெளிநாடுகளும் அதை ஏற்கின்றன. இதில் இரண்டு கண்ணிகள். பழைய காகித அட்டை 2026 ஆகஸ்ட் 3 முதல் செல்லாது. அதற்குப் பிந்திய முடிவுத் திகதி அட்டையிலேயே எழுதியிருந்தாலும் இதுதான் விதி. அடுத்தது, காலம் முடிந்தபின் முத்திரை குத்தி நீட்டிக்கப்பட்ட அட்டை. இத்தாலியில் அது செல்லும், ஆனால் பல நாட்டு எல்லைகளில் ஏற்கமாட்டார்கள். எந்த நாடு எந்த ஆவணத்தை ஏற்கிறது என்பதை வெளியுறவு அமைச்சின் "வியாஜ்ஜாரே சிகூரி" தளத்தில் அந்த நாட்டுக்கான பக்கத்தில் பாருங்கள். விமான முன்பதிவுத் தளம் சொல்வதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

பிரித்தானியா

இத்தாலியின் பலெர்மோ நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு லண்டனில் உறவினர் உண்டு. ஆகவே அதிகம் கேட்கப்படும் நாடு இதுதான். 2021 அக்டோபர் 1 முதல் அடையாள அட்டையோடு அங்கே பொதுவாக நுழைய முடியாது, கடவுச்சீட்டு வேண்டும். 2025 ஏப்ரல் 2 முதல் ஈ.டி.ஏ. என்ற பயண அனுமதியும் வேண்டும். தொடங்கும்போது 10 பவுண்டாக இருந்த கட்டணம் ஒரே வாரத்தில், ஏப்ரல் 9 அன்று, 16 பவுண்டாக உயர்ந்தது. அனுமதி இரண்டு ஆண்டு அல்லது கடவுச்சீட்டு முடியும்வரை, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். ஒரு தடவைக்கு ஆறு மாதம்வரை தங்கலாம். வேலை செய்ய முடியாது. கைக்குழந்தைக்கும் தனி ஈ.டி.ஏ. எடுக்க வேண்டும்.

பிரித்தானியாவில் செட்டில்ட் அல்லது ப்ரீ-செட்டில்ட் தகுதி (பிரெக்சிட்டுக்குப் பின் ஐரோப்பியர் தொடர்ந்து அங்கே வாழத் தரப்படும் உரிமை) பெற்றவர்களுக்கு ஈ.டி.ஏ. தேவையில்லை. ஆனால் கடவுச்சீட்டைப் புதுப்பித்ததும் புதிய இலக்கத்தைத் தங்கள் இணையக் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் போனால் விமான நிறுவனத்தின் கணினிக்கு நீங்கள் யாரென்றே தெரியாது.

அரசின் சொந்தச் செயலியிலோ அரசுத் தளத்திலோ மட்டும் விண்ணப்பியுங்கள். தேடலில் முதலில் வருபவற்றில் பல இடைத்தரகர் தளங்கள். கிடைப்பது அதே அனுமதிதான், கேட்பது பல மடங்கு பணம்.

அமெரிக்கா: எஸ்டாவும் கியூபாவும்

அமெரிக்காவின் விசா விலக்குத் திட்டத்தில் இத்தாலி உள்ளது. எஸ்டா என்ற இணையப் பயண அனுமதியோடு 90 நாள்வரை தங்கலாம். கட்டணம் 2025 செப்டம்பர் 30 அன்று 21 டொலரிலிருந்து 40 டொலராக உயர்ந்தது. புறப்படுவதற்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பு விண்ணப்பிக்கும்படி அமெரிக்க அரசே சொல்கிறது. இடையில் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய்வந்தால் 90 நாள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காது; அங்கே கழித்த நாள்களும் அதே கணக்கில் சேரும்.

பலருக்குத் தெரியாத தடை இனித்தான் வருகிறது. 2011 மார்ச் 1க்குப் பிறகு ஈரான், ஈராக், சிரியா, சூடான், வட கொரியா, லிபியா, சோமாலியா, யேமன் ஆகியவற்றில் ஒன்றுக்கேனும் போனவர்களும், 2021 ஜனவரி 12க்குப் பிறகு கியூபாவுக்குப் போனவர்களும் பொதுவாக எஸ்டா எடுக்க முடியாது. இத்தாலியர் கியூபாவுக்கு விடுமுறைக்குப் போவது சாதாரணம்; ஒரு வாரக் கடற்கரை விடுமுறை இந்தத் தகுதியைப் பறித்துவிடும். அமெரிக்காவுக்குப் போகவே முடியாது என்பதில்லை. ரோம், மிலான், புளோரன்ஸ், நேப்பிள்ஸ் ஆகிய இடங்களில் நேர்காணலுக்குப் பதிந்து, 185 டொலர் விண்ணப்பக் கட்டணம் செலுத்தி, சுற்றுலாவுக்கும் வணிகப் பயணத்துக்குமான வழக்கமான பி வகை விசா எடுக்க வேண்டும். நேர்காணல் நாள் கிடைக்கவே நீண்ட காலம் ஆகலாம் என்பதால் டிக்கெட்டுக்கு முன் விசாவைப் பாருங்கள். படிவத்தில் கியூபாப் பயணத்தை மறைப்பது மட்டும் வேண்டாம். பொய் சொன்னது பிடிபட்டால் வருவது விசா மறுப்போடு நிற்காது.

கனடா முதல் சீனா வரை, சுருக்கமாக

கனடாவுக்கு விமானத்தில் போகிறவருக்கு ஈ.டி.ஏ. தேவை, 7 கனடிய டொலர், ஐந்து ஆண்டு செல்லும். அமெரிக்காவிலிருந்து தரைவழியே நுழைந்தால் தேவையில்லை. அவுஸ்திரேலியாவின் இ-விசிட்டர் என்ற இணைய விசா இலவசம். 12 மாதத்துக்குள் பல தடவை போகலாம், தடவைக்கு மூன்று மாதம். நியூசிலாந்தில் அனுமதிக் கட்டணத்தைவிட அதோடு வசூலிக்கப்படும் 100 நியூசிலாந்து டொலர் பயணிகள் வரிதான் பெரிது. சீனா முன்பு இத்தாலியரிடம் விசா கேட்டது; 2023 டிசம்பர் முதல் 15 நாளுக்கும், 2024 நவம்பர் 30 முதல் 30 நாளுக்கும் விலக்குத் தந்தது. இந்த விலக்கு 2026 டிசம்பர் 31 வரை அறிவிக்கப்பட்ட தற்காலிக ஏற்பாடு; வேலைக்கோ படிப்புக்கோ பொருந்தாது.

இந்தியா

விமான நிலையத்தில் இறங்கி விசா எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். இத்தாலியர் இணையத்தில் தரப்படும் இ-விசாவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். சுற்றுலாவுக்கு 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என மூன்று வகை. புறப்படக் குறைந்தது நான்கு நாள் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டு ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும்.

விண்ணப்பம் அடிக்கடி நின்றுபோவது சின்ன விஷயத்தில்: கடவுச்சீட்டின் பி.டி.எஃப். பிரதி 300 கே.பி.யைத் தாண்டினால் தளம் ஏற்காது. படம் சதுரமாக, வெளிர் பின்னணியில், 10 கே.பி.யிலிருந்து 1 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். படிவத்தில் பிறந்த இடம், முன்பிருந்த குடியுரிமை, பெற்றோரின் குடியுரிமை, கடந்த மூன்று ஆண்டில் போன சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாடுகள் எல்லாம் கேட்பார்கள். இலங்கையில் பிறந்து இத்தாலியக் குடியுரிமை பெற்றவர் அதை அப்படியே எழுத வேண்டும்; பிறந்த இடம் கடவுச்சீட்டிலேயே இருக்கிறது. பாகிஸ்தானிய வம்சாவளியினர் இ-விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது, தூதரகம் வழியேதான் போக வேண்டும்.

30 நாள் விசாத் தாளில் உள்ள முடிவுத் திகதியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது நாட்டுக்குள் நுழைவதற்கான கடைசி நாள்; தங்கும் 30 நாள் முதல் நுழைவிலிருந்து எண்ணப்படும். ஓராண்டு, ஐந்தாண்டு விசாவின் காலமோ வழங்கப்பட்ட நாளிலேயே ஓடத் தொடங்கிவிடும். இ-விசாவோடு குறிப்பிட்ட நுழைவிடங்கள் வழியேதான் நுழையலாம். சென்னை அந்தப் பட்டியலில் உண்டு. 2025 அக்டோபர் 1 முதல், வந்திறங்குவதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் இணைய வருகைப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

இலங்கைக்குத் திரும்பிப் போகிறவர்கள்

1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டப்படி இத்தாலி இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. இலங்கைச் சட்டம் அப்படியில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதும் இலங்கைக் குடியுரிமை போய்விடும். அதைத் தக்கவைக்கவோ மீளப்பெறவோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். அதைச் செய்யாதவர் கையில் உள்ள பழைய இலங்கைக் கடவுச்சீட்டில் இன்னும் காலம் மிச்சமிருந்தாலும் அதைக் காட்டிப் பயணிக்கக் கூடாது. இத்தாலியக் கடவுச்சீட்டோடு இலங்கையின் ஈ.டி.ஏ. எடுத்தே போக வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் கொழும்பில் இலங்கைக் கடவுச்சீட்டையும், திரும்பி வரும்போது ஐரோப்பிய எல்லையில் இத்தாலியக் கடவுச்சீட்டையும் காட்டுவது நல்லது. மாற்றிக் காட்டினால் ஐரோப்பியர் அல்லாதோரிடம் கைரேகை பதியும் புதிய எல்லை முறையில் போய் மாட்டிக்கொள்ள நேரும்.

கணவரிடம் இத்தாலியக் கடவுச்சீட்டும் மனைவியிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் சொஜோர்னோவும் (இத்தாலிய வதிவிட அனுமதி) இருந்தால், மேலே சொன்ன சலுகைகள் மனைவிக்குப் பொருந்தாது. தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஷெங்கன் நாடுகளுக்குச் சொஜோர்னோவோடு போய்வரலாம். பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அவர் தனியே விசா எடுக்க வேண்டும். சொஜோர்னோ அங்கே விசாவுக்குப் பதிலாகாது.

கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போது

பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு, 3 முதல் 18 வயதுக்குள் ஐந்து ஆண்டு, மூன்று வயதுக்குட்பட்டோருக்கு மூன்று ஆண்டு. குழந்தைகளின் கடவுச்சீட்டுத்தான் ஓசையில்லாமல் காலாவதியாகும். இந்தியா, இலங்கை, இந்தோனேசியா மூன்றும் ஆறு மாதம் கேட்பதால் கோடை விடுமுறைக்கு முந்திய குளிர்காலத்திலேயே திகதியைப் பாருங்கள். மொத்தச் செலவு 116 யூரோ: புத்தகத்துக்கு 42.50, முத்திரை வரி 73.50. குவெஸ்தூராவில் (மாகாணக் காவல் தலைமையகம்) நாள் பதிவது காவல்துறையின் இணையத்தளத்தில். பயணம் நெருங்கிவிட்டால் அவசர நாள்களுக்கான தனிப் பதிவும் அங்கே உண்டு. பயணத்துக்கான சான்று கேட்பார்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பெற்றோர் அல்லாத ஒருவரோடு வெளிநாடு போவதானால், உடன்செல்பவரின் பெயர் குறித்த அறிவிப்பையும் குவெஸ்தூராவில் பதிவுசெய்ய வேண்டும்.

எஸ்டாவும் ஈ.டி.ஏ.க்களும் கடவுச்சீட்டு இலக்கத்தோடு கட்டப்பட்டவை. புதுக் கடவுச்சீட்டு வந்த அன்றே பழைய அனுமதிகள் பயனற்றுப் போகின்றன, காலம் மீதி இருந்தாலும் புதிதாகவே எடுக்க வேண்டும். இலக்கத்தை நிரப்பும்போது இரண்டு எழுத்து, ஏழு எண் என்ற அமைப்பை மனத்தில் வைத்தால், ஓ எழுத்தையும் பூச்சியத்தையும் மாற்றி எழுதும் பிழை வராது. தந்தை பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும் தமிழர்கள், பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரியைப் பாருங்கள்: முதல் வரியில் இரட்டை அம்புக்குறிக்கு முன் வருவது குடும்பப் பெயர், பின் வருவது சொந்தப் பெயர். டிக்கெட்டிலும் விண்ணப்பத்திலும் அதே வரிசை, அதே எழுத்துக் கூட்டல்.